பட்டுவாடா ஆகாத கடிதங்கள்: தென் கொரிய ஒன்றிணைப்பு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் சுங் டொங் யொங் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் சென்னையில் வெளிநாட்டுத் தபால் பிரிக்கும் வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். அரசியல் அறிஞன் அல்லன். கொரிய மொழியில் வணக்கம் சொல்லக்கூடத் தடுமாறுவேன். இப்படிப்பட்டவன் ஒரு நாட்டு அமைச்சருக்கு அவருடைய வேலையைப் பற்றியே எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று வீட்டில் சொன்னார்கள். இருக்கட்டும். அணுகுண்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கடிதத்தைப் பற்றித் தெரியும். இந்த மடலும் கடிதத்தைப் பற்றியதுதான்: வடக்கிலும் தெற்கிலுமாகப் பிரிந்து கிடக்கும் கொரியக் குடும்பங்களுக்கு நடுவே போகாத கடிதத்தைப் பற்றி.

1980களில் எங்கள் மாநிலத்துச் சிற்றூர்களில் சிற்றலை வானொலிப் பைத்தியம் பிடித்த பையன்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நள்ளிரவில் ஏதோ ஒரு தேசத்தின் ஒலிபரப்பைப் பிடித்து, எந்த அலைவரிசையில் எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதிப் போட்டால், அந்த நிலையத்திலிருந்து வண்ண அட்டை ஒன்று வரும். அதைச் சேர்ப்பதில் அவர்களுக்குள் போட்டி. ஆரணியிலிருந்து ஒரு பையன் ரேடியோ பியோங்யாங்குக்கும், சியோலிலிருந்து ஒலிபரப்பான ரேடியோ கொரியாவுக்கும் ஒரே நாளில் இரண்டு உறை போட்டிருப்பான். ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. ஒன்றன்மேல் ஒன்றாக என் கைக்கு வரும் இரண்டையும் நான் வெவ்வேறு அறையில் தள்ளுவேன். சில மாதங்கள் கழித்து இரண்டு ஊரிலிருந்தும் அவனுக்குப் பதில் வரும். பியோங்யாங் உறை எப்போதும் கனம். உள்ளே தலைவர் படம் போட்ட பத்திரிகை இருக்கும். சியோல் உறையில் பெரும்பாலும் காலண்டர்.

ஆரணிப் பையனுக்கு இரண்டு கொரியாவிலிருந்தும் கடிதம் வந்தது. உங்கள் கிழக்குக் கடற்கரையில் சொக்சோ என்ற ஊரில் அபாய் கிராமம் என்று ஒன்று இருக்கிறது. கொரியப் போரின்போது வடக்கே ஹம்க்யோங் மாகாணத்திலிருந்து தப்பி வந்தவர்கள், சண்டை ஓய்ந்ததும் திரும்பிவிடலாம் என்று கடலோர மணலில் குடிசை போட்டு உட்கார்ந்த இடம். இன்று கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் படகுக்காகவும், கணவாய் மீனின் வயிற்றில் சோற்றை அடைத்து அவித்துத் தரும் கடைகளுக்காகவும் சுற்றுலாக்காரர்கள் அங்கே போகிறார்கள். அந்தக் கிராமத்தில் மிஞ்சியிருக்கும் தொண்ணூறு வயது மூதாட்டி ஒருத்தி, வடக்கே இருக்கும் தன் தங்கைக்கு ஒரு வரி எழுதிப் போட முடியாது. எல்லை மட்டும் இல்லாவிட்டால் அது ஒரு பகல் பஸ் பயணம். எங்கள் ஆரணிக்குக் கிடைத்தது அவளுக்குக் கிடைக்கவில்லை என்ற விஷயம், அந்த உறைகளைப் பிரித்த நாட்களில் எனக்கு உறைக்கவே இல்லை. ஓய்வு பெற்றபின் பத்திரிகை படிக்க நேரம் கிடைத்தபோதுதான் உறைத்தது.

அமைச்சர் அவர்களே, நீங்கள் பிறந்தது 1953 ஜூலை 27. இரு கொரியாவின் எல்லையிலுள்ள பான்முன்ஜோமில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள். எத்தனையோ மேடைகளில் இதை உங்களுக்கு நினைவூட்டியிருப்பார்கள். நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுடன் பிறந்த அந்தத் தாளின் 59ஆம் பத்தியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. போருக்கு முன் எல்லைக் கோட்டின் அந்தப் பக்கம் குடியிருந்த பொதுமக்கள் விரும்பினால் வீடு திரும்ப அனுமதிக்கப்படுவார்கள், அதற்கு உதவி செய்யப்படும் என்கிறது அது. அதற்கென ஒரு குழுவும் அமைந்தது. போர்க்கைதிகளைப் பற்றிய பிரிவுக்காக ஒன்றரை ஆண்டு வாதாடியவர்கள், இந்தப் பத்தியை எழுதியதோடு சரி. அது ஏட்டில் கிடந்தது. மக்கள் அவரவர் இருந்த இடத்திலேயே கிடந்தார்கள்.

உங்கள் அமைச்சகத்தின் பதிவேட்டில் 1988 முதல் சுமார் 1,34,000 பேர் தங்கள் உறவினரைத் தேடித் தரச் சொல்லிப் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இருப்பவர்களில் பெரும்பாலோர் எண்பதைத் தாண்டியவர்கள். தபால்காரன் பாஷையில் சொன்னால், அனுப்புநரும் விலாசதாரரும் ஒருசேரக் காலமாகிக்கொண்டிருக்கும் பை அது.

2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 15இல் பக்கத்துக்கு நூறு பேர் சியோலிலும் பியோங்யாங்கிலும் சந்தித்தார்கள். அதிலிருந்து 2018 ஆகஸ்டு வரை நேருக்கு நேர் 21 சுற்றுச் சந்திப்புகள். பின்னாளில் எல்லாம் வடக்கிலுள்ள கும்காங் மலையில். அந்தப் படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கணினிக் குலுக்கலில் பெயர் விழுந்தவர்கள் குளிர்கோட்டு, மருந்து, சாக்கோ பை டப்பா எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள். மூன்று நாள், எல்லா நேரத்தையும் கூட்டினால் பதினோரு, பன்னிரண்டு மணி நேரம். கடைசி நாள் பஸ்ஸின் கண்ணாடிக்கு உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை. பஸ் கிளம்பியதும் கண்ணாடியில் விரல் தடம் மட்டும் இருக்கும். அதன்பின் அவர்களுக்குள் ஒரு கடிதம்கூடக் கிடையாது. இத்தனை ஆண்டு கழித்துக் கண்டுபிடித்த அண்ணன் ஊர் போய்ச் சேர்ந்தானா, கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டானா என்று கேட்க வழி இல்லை. இதைச் சந்திப்பு என்பதா, இரண்டாம் பிரிவு என்பதா? அந்தச் சந்திப்புகளுக்குப் பிறகு தூக்கம் போய், உடம்புக்கு முடியாமல் படுத்தவர்களைப் பற்றி உங்கள் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கே நன்றாகத் தெரியும்.

அதுவும் இப்போது இல்லை. 2018க்குப் பிறகு ஒரு சுற்றுகூட நடக்கவில்லை. கும்காங் மலையில் இதற்காகவே கட்டிய பன்னிரண்டு மாடிச் சந்திப்புக் கட்டடத்தை வடக்கு இடிப்பதாக 2025 பிப்ரவரியில் உங்கள் அமைச்சகமே அறிவித்தது. பான்முன்ஜோம் தொலைபேசியில் தினம் காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இரு பக்க அதிகாரிகளும் பேசிக்கொள்ளும் வழக்கம், 2023 ஏப்ரலில் வடக்கு எடுப்பதை நிறுத்தியதோடு நின்றது.

இந்த நிலையில்தான் 2025 ஜூலையில் இரண்டாம் முறையாக இந்தப் பொறுப்புக்கு வந்தீர்கள். முதல் முறை, 2005 ஜூனில், பியோங்யாங் போய், அப்போது வடக்கின் தலைவராக இருந்த கிம் ஜாங் இல் என்பவரை நேரில் சந்தித்தவர் நீங்கள். அந்தச் சந்திப்பின் பலனாக, இரண்டே மாதத்தில், ஆகஸ்டு 15 அன்று, காணொளி வழிச் சந்திப்பு தொடங்கியது. நடக்க முடியாத கிழவர்கள் சியோலில் ஒரு அறையில் உட்கார்ந்து, பியோங்யாங்கில் ஒரு அறையில் உட்கார்ந்த அக்காவைத் திரையில் பார்த்தார்கள். ஆகவே இந்த மடலைப் பிறருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். சின்ன வாசலைத் திறந்து பழக்கமுள்ளவர் நீங்கள்.

இப்போது சியோலில் நடக்கும் சண்டை வேறு. 2023 டிசம்பர் கடைசியில் வடக்கின் தலைவர் கிம் ஜாங் உன், இனி இரண்டு கொரியாவும் ஒரே இனத்தவர் அல்ல, பகை பூண்ட இரண்டு நாடுகள் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதமே பியோங்யாங்கில் ஒன்றிணைப்பு வளைவை இடித்தார்கள். 2024 அக்டோபரில் தெற்கோடு இணைக்கும் சாலைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நீங்களோ, நடைமுறையில் இரண்டு நாடுகளாகத்தான் இருக்கிறோம், அதை அமைதியான இரண்டு நாடுகளாக மாற்றுவோம் என்கிறீர்கள். உங்கள் அரசின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரே அது அரசின் நிலைப்பாடு அல்ல என்கிறார். எதிர்க்கட்சி, அரசியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவை நீட்டுகிறது: கொரியத் தீபகற்பம் முழுவதும் கொரியக் குடியரசின் எல்லைதானே, பிறகெப்படி இரண்டு நாடு? இரு கொரியாவும் செய்துகொண்ட 1991 ஒப்பந்தமும் இது நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள உறவு அல்ல, ஒன்றிணைப்பை நோக்கிய வழியில் தற்காலிகமாக ஏற்பட்ட தனி உறவு என்றுதான் சொல்கிறது. அமைச்சகத்தின் பெயரில் ஒன்றிணைப்பு என்ற சொல்லையே வைத்திருக்கலாமா, மாற்றலாமா என்றுகூட நீங்கள் யோசித்தீர்கள்.

எனக்கு இந்த வாதம் புரிகிறது. இதில் ஒரு பக்கம் சேர எனக்கு உரிமையில்லை. ஆனால் தபால் மேசையிலிருந்து பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஒரே நாடு என்றால் அது உள்நாட்டுத் தபால். இரண்டு நாடு என்றால் வெளிநாட்டுத் தபால். பகை நாடு என்றாலும் வெளிநாட்டுத் தபால்தான். இரண்டு கொரியாவும் உலகத் தபால் ஒன்றியத்தில் உறுப்பினர்கள். எந்தக் கட்சியின் இலக்கணத்தை எடுத்துக்கொண்டாலும் ஒரு கடிதம் போய்ச்சேர வழி இருக்கிறது. கடிதமே போகக்கூடாது என்று சொல்லும் இலக்கணம் எதிலும் இல்லை. கிம் ஜாங் உன் இரண்டு நாடு என்று சொன்னதைக் கதவடைப்பாகவே எல்லோரும் படிக்கிறார்கள். நான் அதை ஒரு விலாசமாகப் படிக்கிறேன். சரி, நீங்கள் வேறு நாடு. உங்கள் நாட்டிலுள்ள இன்னாருக்கு எங்கள் நாட்டிலுள்ள இன்னார் எழுதிய அஞ்சலட்டை இது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவருடைய சொல்லைக் கொண்டே கேட்கலாம்.

இதற்கு முன்மாதிரி இல்லை என்று சொல்லாதீர்கள். மேற்கு ஜெர்மனி கிழக்கு ஜெர்மனியை ஒரு நாடாகவே ஒப்புக்கொள்ளாமல், ஒப்புக்கொண்ட பிற நாடுகளோடும் உறவை முறித்துக்கொண்டிருந்த காலத்திலும் அவ்விரண்டுக்கும் நடுவே தபால் ஓடியது. மேற்கிலிருந்து போன பார்சல்களின் மேல் ‘அன்பளிப்பு, வணிகச் சரக்கு அல்ல’ என்று எழுதி ஒட்டுவார்கள், உள்ளே காப்பித்தூள். கிழக்கின் உளவுத்துறை கடிதங்களைப் பிரித்துப் படித்தது. படித்துவிட்டு ஒட்டி அனுப்பியது. 1964 முதல் கிழக்கு ஜெர்மனியின் ஓய்வூதியக்காரர்களை ஆண்டுக்கொரு முறை மேற்கே போய் உறவினரைப் பார்த்துவர விட்டார்கள். அவர்கள் திரும்பி வராவிட்டாலும் ஓய்வூதியம் மிச்சம் என்ற கணக்கும் அதில் உண்டு என்பார்கள். இருக்கட்டுமே, கணக்குப் போட்டுச் செய்த கருணையாலும் கிழவி பேரனைப் பார்த்தாள். இரு அரசும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்ட அடிப்படை ஒப்பந்தம் வந்தது அதற்கு எட்டு ஆண்டு கழித்து, 1972இல்.

தைவானை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்பு இல்லை, பேச்சுவார்த்தை இல்லை, விட்டுக்கொடுத்தல் இல்லை என்ற மூன்று ‘இல்லை’களையும் கையில் வைத்துக்கொண்டே, 1987 நவம்பரில் பழைய சிப்பாய்கள் சீனாவிலுள்ள ஊருக்குப் போய்வர அந்த அரசு அனுமதித்தது. வீட்டு நினைவாக இருக்கிறது என்று சட்டையில் எழுதிக்கொண்டு தெருவில் நின்ற கிழவர்களுக்கு முன்னால் கொள்கை வளைந்தது. அடுத்த ஆண்டே செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகக் கடிதங்களும் போயின.

ஜெர்மனி வேறு, தைவான் வேறு, வடகொரியா வேறு என்பீர்கள். நியாயம். அப்படியானால் உங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். கங்வா தீவில் எல்லையோரக் கிராமங்களுக்கு எதிர்க்கரை இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். 2024 கோடையிலிருந்து எதிர்க்கரை ஒலிபெருக்கிகள் ராத்திரி பகலென்று இல்லாமல் ஓநாய் ஊளையும் இரும்பை இழுக்கும் சத்தமுமாக அலறின. இந்தப் பக்கம் உங்கள் ராணுவத்தின் ஒலிபெருக்கிகளில் செய்தியும் பாட்டும். கிராமத்தார் ஜன்னலுக்கு நுரைப்பலகை அடைத்துக்கொண்டு, தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார்கள். அதிபர் லீ ஜே மியுங் பதவியேற்ற ஒரு வாரத்தில், 2025 ஜூன் 11 அன்று, உங்கள் பக்கம் நிறுத்தியது. மறுநாள் எதிர்க்கரையும் நின்றது. பேச்சுவார்த்தை இல்லை, கையெழுத்து இல்லை, ஒரே இனமா இரண்டு நாடா என்ற தீர்ப்பு இல்லை. பிறகு ஜூலையில் கிம் ஜாங் உன்னின் தங்கை கிம் யோ ஜாங், சியோலோடு பேச எங்களுக்கு ஒன்றுமில்லை என்று முகத்தில் அடித்தாற்போல அறிக்கை விட்டார்தான். ஆனால் அந்தச் சத்தம் நின்றது நின்றதுதான். வாயால் மறுப்பதையும் கையால் செய்துவிடும் பழக்கம் அவர்களுக்கு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே கங்வாவில்தான் 2025 அக்டோபரில், சுசாக் என்ற அறுவடைப் பண்டிகையை ஒட்டி, உங்கள் அதிபர் பிரிந்த குடும்பத்தினரைச் சந்தித்து, உயிரோடு இருக்கிறாரா என்ற தகவலாவது, கடிதமாவது போய்வர வடக்கு இணங்க வேண்டும் என்று கேட்டார். கேட்டது சரி. கேட்ட இடம்தான் எனக்கு உறுத்துகிறது. நோக்குக்கூடம், கேமரா, கண்ணீர்விடும் முதியவர்கள், தலைப்புச் செய்தி. வடக்கு இதை வேண்டுகோளாகவா எடுத்துக்கொள்ளும்? தெற்கின் நல்ல பிள்ளைத்தனத்துக்கு ஒரு காட்சி என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒலிபெருக்கியை நிறுத்தியதுபோல இதையும் சத்தமில்லாமல் செய்யுங்கள். சந்திப்பை அரிசியோடும் உரத்தோடும் சேர்த்துப் பேசியது ஒரு காலம். அணு ஆயுதக் கைவிடலோடு முடிச்சுப் போட்டது இன்னொரு காலம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதிபர் மாறும்போதெல்லாம் ஒலிபெருக்கி ஏறும், இறங்கும். கிழவர்களும் கூடவே ஏறி இறங்குவார்கள். தபாலை மட்டும் அந்த ராட்டினத்திலிருந்து இறக்கிவிடுங்கள்.

உங்கள் பக்கத்திலும் மறந்துபோன ஒரு நாள் உண்டு. 2001 மார்ச் 15. பான்முன்ஜோமில் பக்கத்துக்கு முந்நூறு கடிதங்கள் கைமாறின. கூட்டம் கூட்டி மாளிகை கட்டவில்லை. மூட்டையை நீட்டினார்கள், மூட்டையை வாங்கிக்கொண்டார்கள். அந்த அளவில் அதற்குமுன் நடந்ததில்லை, அதற்குப்பின்னும் நடக்கவில்லை. முந்நூறு கடிதம் என்பது எங்கள் மேசையில் ஒரு ஆள் டீ குடிப்பதற்குள் பிரித்து முடிக்கும் வேலை.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். தெற்கில் உறவு இருப்பது வடக்கில் ஒருவருக்கு நெற்றியில் குத்திய முத்திரை. வராத கடிதத்தைவிட வந்த கடிதம் அவருக்குத் தீங்காகலாம். இது உண்மை. அதனால்தான் மூடிய உறை வேண்டாம் என்கிறேன். அஞ்சலட்டை போதும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எங்கள் ஊரில் தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார், கொடுக்கும்போதே “உங்கள் மருமகளுக்கு ஆண் குழந்தையாம்” என்று சொல்லியும் விடுவார். படிக்கப்படும் என்று தெரிந்தே எழுதிய அட்டையில் ரகசியம் இருக்காது. யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், போனது எந்த நாள். வடக்கின் தணிக்கை அதிகாரிக்கும் அதில் அடிக்க ஒன்றும் இராது. முதலில் எழுத வேண்டியவரைத் தெற்கு தேர்ந்தெடுக்காமல் வடக்கு தேர்ந்தெடுக்கட்டும். ஏற்கெனவே சந்தித்துப் பெயர் பதிவான குடும்பங்களிலிருந்து தொடங்கினால் புதிதாக யாரும் காட்டிக்கொடுக்கப்பட மாட்டார்கள்.

போன நாளைப் பற்றிச் சொன்னேனே, அதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இம்ஜின் ஆற்றங்கரையில் வடக்கு நோக்கி வணங்கவென்று உங்கள் அரசு கட்டிய மேடை இருக்கிறது. பண்டிகை நாட்களில் அங்கே பழமும் மீனும் படைத்து விழுந்து கும்பிடுகிறார்கள். தாய் இறந்த தேதி தெரியாத பிள்ளைகள், ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் என்று ஒரு பொதுநாளை வைத்துக்கொண்டு சடங்கு செய்வதும் உங்கள் வழக்கம் என்று படித்தேன். எங்களிடமும் திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை உண்டு. இறந்த தேதி ராணுவ ரகசியம் அல்ல.

பான்முன்ஜோம் அடைத்திருக்கிறது என்றால் சுற்றுவழி இருக்கிறது. சுவீடன் 2024 செப்டம்பரில் பியோங்யாங் தூதரகத்துக்குத் திரும்பிவிட்டது. எங்கள் இந்தியத் தூதரகமும் அதே ஆண்டு டிசம்பரில் அங்கே மறுபடி இயங்கத் தொடங்கியது. இந்த வேலை எங்களுக்குப் புதிதும் அல்ல. 1953இல் ஊர் திரும்ப மறுத்த போர்க்கைதிகளைப் பொறுப்பேற்ற நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு எங்கள் ஜெனரல் திம்மையா தலைவர். அவர்களைக் காவல் காக்கப் போன இந்தியச் சிப்பாய்களைத் தன் மண்ணில் கால் வைக்க விடமாட்டேன் என்று உங்கள் முதல் அதிபர் சிங்மன் ரீ அடம்பிடித்ததால், கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய் நடுநிலப் பகுதியில் இறக்கினார்கள். முடிவில் வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாம் என்ற 88 பேரை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் 1954 பிப்ரவரியில் வந்து நின்றது எங்கள் சென்னைத் துறைமுகத்தில்தான். பெரும்பாலோர் கொரியர்கள். பிறகு அவர்களில் பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். நான் வேலை பார்த்த கட்டடத்திலிருந்து அந்தத் துறைமுகம் நடை தூரம். அங்கே இறங்கியவர்களில் யாராவது அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்ப வழியில்லாமல் பெட்டியில் வைத்திருந்திருப்பார்களா என்று இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

வடக்கு வாங்க மாட்டேன் என்றால்? எங்கள் துறையில் அதற்கும் ஒரு நடைமுறை உண்டு. பட்டுவாடா ஆகாத கடிதத்தைத் தூக்கி எறிய மாட்டோம். விலாசதாரர் வீடு மாறிவிட்டார், காலமானார், வாங்க மறுத்தார் என்று காரணத்தை எழுதி, தேதி முத்திரை குத்தி, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவோம். ‘மறுத்தார்’ என்று திரும்பி வந்த அட்டையிலும் எதிர்முனையில் யாரோ அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள் என்ற சேதி இருக்கிறது. மாதம் ஒருமுறை அனுப்புங்கள். திரும்பி வந்தால் அடுத்த மாதமும் அனுப்புங்கள். எடுக்காத தொலைபேசிக்கு மணி அடித்துப் பார்க்கும் பொறுமை உள்ள அரசுக்கு இது பெரிய வேலை அல்ல.

இந்த மடலோடு ஒரு பொருளை இணைத்திருக்கிறேன். எங்கள் தபால் துறை முன்பு ரிப்ளை கார்டு என்று ஒன்று விற்றது. இரண்டு அட்டை ஒட்டினாற்போல இருக்கும். ஒன்றில் நாம் எழுதி, மற்றதில் நம் விலாசத்தை மட்டும் எழுதி மடித்துப் போட வேண்டும். பெற்றவர் வெற்றுப் பாதியைக் கிழித்துப் பதில் எழுதிப் பெட்டியில் போட்டால் போதும். தபால்தலை வாங்க அவர் காசு தேட வேண்டாம், விலாசம் தேட வேண்டாம். என் அலமாரியில் எழுதாமல் கிடந்த கடைசி அட்டை இது. அச்சடிப்பவர்களுக்கு மாதிரியாகக் காட்டலாம். உங்கள் ஊர்க் கிழவிக்குக் கண் மங்கலாக இருக்கும். கோடுகளைக் கொஞ்சம் அகலமாகப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெளிநாட்டுத் தபால் பிரிப்பாளர் ஒருவர்,
சென்னை